கல்முனைக் கரைக்கு எத்தனை மீற்றர் உயரம் வேண்டும்?

பெரியநீலாவணையில் தொடங்கி மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று தெற்கே போகும் கரையில் மேடு என்று சொல்ல ஒன்றுமில்லை. கிழக்கே கடல், மேற்கே வயல். நடுவில் ஒடுங்கிய மணல் பட்டி. அதன் மேல் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். 2004 டிசம்பர் 26 அன்று கடல் உள்ளே வந்தபோது ஏறி நிற்க இடமில்லாமல் போனது இந்தத் தட்டை நிலத்தால்தான். இலங்கையின் மாவட்டங்களில் மிக அதிக உயிர்களை அம்பாறைதான் அன்று இழந்தது, பத்தாயிரத்துக்கும் மேல்.

அதே தட்டை நிலம் இன்னொரு வழியிலும் எங்களைப் பாதிக்கிறது. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. மீட்புப் பணியாளர் ஒருவர் கையில் பிடித்திருக்கும் வோக்கிடோக்கியின் குரல் எவ்வளவு தூரம் போகும் என்பதைத் தீர்மானிப்பது கருவியின் விலையோ அதன் வலுவோ அல்ல, அன்டெனா நிற்கும் உயரம். உயரமில்லாத ஊரில் கம்பியில்லாத் தொடர்பு தானாகக் கிடைத்துவிடாது. பணம் செலவழித்து அதைக் கட்ட வேண்டும். அந்தப் பணம் எதற்குப் போக வேண்டும், எதற்குப் போய்க்கொண்டிருக்கிறது என்பதைச் சொல்ல முதலில் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும்.

பொலிஸ், தீயணைப்பு, அம்பியுலன்ஸ் போன்ற சேவைகளின் கைச் செட்டுகள் பெரும்பாலும் 136 முதல் 174 மெகாஹேர்ட்ஸ் வரையிலோ, 400 மெகாஹேர்ட்ஸ் பக்கமோ இயங்குகின்றன. இந்த அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்பவை. பூமி உருண்டை என்பதால் சிறிது தூரத்துக்கு அப்பால் நிலமே குறுக்கே வந்துவிடும். அன்டெனாவின் உயரத்தை மீற்றரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கினால் அந்த அன்டெனாவின் அடிவானம் கிலோமீற்றரில் கிடைக்கும். பேசுபவரின் அடிவானத்தையும் கேட்பவரின் அடிவானத்தையும் கூட்டினால் இருவருக்கும் இடையில் இருக்கக்கூடிய உச்ச தூரம். ஒன்றரை மீற்றர் உயரத்தில் செட்டைப் பிடித்து நிற்கும் இருவருக்கு அது சுமார் 10 கிலோமீற்றர். இது திறந்த கடலில் கிடைக்கும் கணக்கு. தென்னையும் கொங்கிறீட்டும் நிறைந்த சாய்ந்தமருதில் இரண்டு, மூன்று கிலோமீற்றர் தெளிவாகக் கேட்டாலே நல்லது. கல்முனையிலிருந்து பொத்துவில் நேர்கோட்டில் சுமார் 60 கிலோமீற்றர். மாவட்டக் கச்சேரி இருக்கும் அம்பாறை நகரம் சுமார் 20 கிலோமீற்றர். கையிலிருக்கும் செட்டால் இரண்டையும் எட்ட முடியாது.

வலுவைக் கூட்டினால் ஆகாதா என்று கேட்கலாம். ஐந்து வாற் செட்டுக்குப் பதிலாகப் பத்து வாற் செட் வாங்கினால் அடிவானம் ஒரு மீற்றர்கூடத் தள்ளிப் போகாது. எல்லைக்குள் இருக்கும் குரல் கொஞ்சம் தெளிவாகும், அவ்வளவுதான். அன்டெனாவை 30 மீற்றர் உயரத்துக்குக் கொண்டுபோனால் தெருவில் நிற்பவருக்கும் அதற்கும் இடையிலான தூரம் 27 கிலோமீற்றராகிறது. கல்முனையில் அப்படி ஒன்று நின்றால் அக்கரைப்பற்றுவரை அதன் பார்வைக்குள் வந்துவிடும். அம்பாறை நகரமும் வரும். 30 மீற்றரில் நிற்கும் இரண்டு அன்டெனாக்கள் ஒன்றையொன்று 45 கிலோமீற்றர்வரை பார்க்கும். ஆக, கல்முனையில் ஒன்று, அக்கரைப்பற்றில் ஒன்று, பொத்துவிலில் ஒன்று என்று மூன்று உயரங்கள் போதும், இந்தக் கரை முழுவதையும் கோத்துவிட.

உயரத்தில் வைக்கும் அந்தக் கருவிக்கு ரிப்பீட்டர் என்று பெயர். கரைவலை இழுக்கும்போது தோணியில் இருப்பவர் கத்துவது கரைக்கு எட்டாவிட்டால் நடுவில் நிற்பவர் அதை வாங்கி மறுபடி கத்துவார் அல்லவா, அந்த வேலையைத்தான் அது செய்கிறது. ஓர் அலைவரிசையில் வரும் மெலிந்த குரலைப் பிடித்து, அதே கணத்தில் சற்று விலகிய இன்னோர் அலைவரிசையில் உரத்து அனுப்புகிறது. இரண்டு அலைவரிசைகள் தேவைப்படுவதற்குக் காரணம் உண்டு. தான் அனுப்பும் உரத்த குரலே தன் காதில் விழுந்தால் தூரத்திலிருந்து வரும் மெல்லிய குரலை அதனால் கேட்க முடியாது.

அம்பாறைக் கரையில் உயரத்துக்கு எங்கே போவது? தலையை நிமிர்த்திப் பார்த்தால் போதும். மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்றுவரை ஊரின் உச்சியில் நிற்பவை பள்ளிவாசல் மினாராக்கள். பாண்டிருப்பிலும் காரைதீவிலும் கோயில் கோபுரங்கள். இவற்றோடு நீர்த்தாங்கிகள், கைபேசிக் கோபுரங்கள். பள்ளிவாசலில் உயரம் மட்டுமல்ல, ஒலிபெருக்கியும் உண்டு. பல இடங்களில் ஜெனரேட்டரும், நாளுக்கு ஐந்து தடவை அந்த இடத்துக்கு வந்துபோகும் பொறுப்பான மனிதர்களும் உண்டு. ஜனாஸா அறிவித்தல் முதல் வெள்ள எச்சரிக்கைவரை ஊருக்குச் சேதி சொல்லும் வேலையை அது ஏற்கெனவே செய்கிறது. பள்ளிவாசல் நிர்வாகங்களோடும் ஆலய பரிபாலன சபைகளோடும் அரசு எழுத்தில் ஓர் ஒப்பந்தம் செய்து, சில இடங்களில் அவசர சேவைக்கான ரிப்பீட்டரும் மற்ற எல்லா இடங்களிலும் ஒரு கேட்கும் செட்டும் வைப்பது புதுக் கோபுரம் கட்டுவதைவிடப் பல மடங்கு மலிவு. இரு சமூகங்களின் கட்டடங்களும் ஒரே வலையமைப்பைத் தாங்குவது இந்தக் கரைக்கு நல்லது என்றும் நான் நம்புகிறேன்.

எல்லோர் கையிலும் கைபேசி இருக்கும் காலத்தில் இதெல்லாம் எதற்கு? நியாயமான கேள்வி. கைபேசி கம்பியில்லாமல் இயங்குவதுபோலத் தெரிவது கடைசிச் சில கிலோமீற்றருக்கு மட்டுமே. கோபுரத்தின் அடியில் மின்சாரம் வேண்டும். அது நின்றால் பற்றரி சில மணி நேரம் தாங்கும், பிறகு டீசல் வேண்டும். கோபுரத்திலிருந்து மையத்துக்கு ஒளியிழையோ நுண்ணலை இணைப்போ வேண்டும். அந்த இழை பெரும்பாலும் பெருந்தெருவையும் பாலத்தையும் ஒட்டியே போகும். வெள்ளத்தில் முதலில் அறுவதும் தெருவும் பாலமும்தான். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் இலங்கையில் அறுநூறுக்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தபோது ஆயிரக்கணக்கான கைபேசிக் கோபுரங்கள் வாயடைத்துப் போயின. மண்சரிவுக்குள் அகப்பட்ட ஊர்களிலிருந்து ஒரு சொல்கூட வெளியே வராத மணித்தியாலங்கள் இருந்தன.

கோபுரம் விழாமல் நின்றாலும் சிக்கல் உண்டு. தொலைபேசி வலையமைப்பு எதுவும் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள் என்று எண்ணிக் கட்டப்படுவதில்லை. பரபரப்பான வேளையில் சராசரியாக எத்தனை பேர் பேசுவார்கள், எத்தனை வழிகள் இருந்தால் எத்தனை அழைப்புகள் தோற்கும் என்று கணக்கிடும் முறையை டென்மார்க்கின் கணிதவியலாளர் அக்னர் எர்லாங் நூறாண்டுக்கு முன்பே வகுத்தார். இன்றும் பொறியியலாளர்கள் அந்த வழியில்தான் கணக்குப் போடுகிறார்கள். சாதாரண நாளுக்கு அது சரியான கணக்கு. 2012 ஏப்ரல் 11 சாதாரண நாளல்ல. சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலம் குலுங்கியது. சுனாமி எச்சரிக்கை வந்தது. கரை மக்கள் உள்நாட்டை நோக்கி ஓடினார்கள். எல்லோரும் பிள்ளைகளையும் பெற்றோரையும் அழைக்க, கைபேசி இணைப்புகள் நெரிசலில் திணறின. அன்று அலை வரவில்லை. கடலடித் தட்டுகள் மேலும் கீழும் நகராமல் பக்கவாட்டில் உரசிச் சென்றதால் தண்ணீர் பெரிதாக எழும்பவில்லை. அந்தப் பக்கவாட்டு நகர்வு எங்களுக்கு வாய்த்த அதிர்ஷ்டம். அடுத்த தடவையும் அப்படியே நடக்கும் என்று யாராலும் உறுதி தர முடியாது.

கைபேசிக்கும் வோக்கிடோக்கிக்கும் இன்னொரு வேறுபாடு உண்டு. உயிர் காக்கும் வேலையில் அதுதான் மிகப் பெரியது என்பேன். கைபேசி ஒருவரை ஒருவரோடு இணைக்கிறது. வோக்கிடோக்கியில் ஒருவர் பொத்தானை அழுத்திப் பேசினால் அந்த அலைவரிசையில் இருக்கும் அத்தனை பேரும் கேட்கிறார்கள். எண் தேட வேண்டாம், மணி அடிக்கக் காத்திருக்க வேண்டாம். மாவடிப்பள்ளித் தாம்போதியில் தண்ணீர் ஏறுகிறது என்று அங்கு நிற்பவர் சொன்னால் காரைதீவு பொலிசுக்கும் சம்மாந்துறை வைத்தியசாலைக்கும் பிரதேச செயலகத்துக்கும் அம்பியுலன்ஸ் சாரதிக்கும் அதே நொடியில் அது தெரியும். 2024 நவம்பர் 26 அன்று அந்த வீதியில்தான் மதரஸா மாணவர்களை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரம் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது. பிள்ளைகள் பலர் மௌத்தானார்கள். வானொலி இருந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது அந்தக் குடும்பங்களுக்கு நியாயமல்ல. வெள்ளம் பாயும் வீதியின் இரு முனைகளிலும் நிற்பவர்கள் ஒரே நேரத்தில் ஒரே சேதியைக் கேட்கும் ஏற்பாடு இந்தக் கரைக்கு இருக்க வேண்டும் என்பதைத்தான் சொல்கிறேன்.

ஒரு குரல் பல காதுகளுக்குப் போவதன் வலிமையை 2004 இலேயே காட்டிய ஊர் ஒன்று கடலுக்கு அப்பால் இருக்கிறது. புதுச்சேரியின் நல்லவாடு மீனவக் கிராமத்தைச் சேர்ந்த ஒருவர் சிங்கப்பூரில் இருந்தார். சுமாத்திராவைக் கடல் தாக்கிய செய்தியைத் தொலைக்காட்சியில் கண்டு வீட்டுக்குத் தொலைபேசியில் சொன்னார். அந்த ஊரில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் நடத்திய தகவல் மையத்தில் ஓர் ஒலிபெருக்கி இருந்தது. மீன்பாட்டையும் கடல் நிலவரத்தையும் நாளும் சொல்லிவந்த அந்த ஒலிபெருக்கியில் எச்சரிக்கை போனது. வீடுகள் அழிந்தன, ஊர் மக்கள் தப்பினார்கள். அன்றைய இலங்கை நேரப்படி காலை 6.58 மணிக்குச் சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் அதிர்ந்தது. எங்கள் கரைக்கு அலை வர இரண்டு மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைந்த நேரம் இருந்தது. அங்கிருந்து எங்கள் கரைவரையான தூரத்தை வானொலி அலை கடக்க நொடியில் இருநூறில் ஒரு பங்கு போதும். ஹவாயிலிருந்த பசிபிக் எச்சரிக்கை மையம் கால் மணி நேரத்துக்குள் நிலநடுக்கத்தைக் கண்டு அறிவித்தது. ஆனால் அந்த அறிவித்தல் இந்து சமுத்திர நாடுகளை நோக்கியதல்ல. இங்கே அதை வாங்கிக் கரைக்குச் சொல்லும் அமைப்பும் இல்லை.

பிறகு அமைப்புகள் வந்தன. 2005 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம், அதன் கீழ் அனர்த்த முகாமைத்துவ நிலையம், மாவட்டந்தோறும் அதன் அலகுகள், 117 என்ற இலக்கம், கரையோரத்தில் 77 எச்சரிக்கைக் கோபுரங்கள். 2009 இல் டயலொக் நிறுவனமும் மொரட்டுவைப் பல்கலைக்கழகமும் இணைந்து உருவாக்கிய கைபேசி எச்சரிக்கை முறையும் வந்தது. இந்திய அரசின் நன்கொடையோடு 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய 1990 சுவசெரிய அம்பியுலன்ஸ் சேவை பிறகு நாடெங்கும் பரவியது. இவை எல்லாம் பெறுமதியான வேலைகள். 1990 ஐ அழைத்து உயிர் பிழைத்தவர்கள் எங்கள் ஊர்களில் நிறையப் பேர். ஆனால் 117 ஆனாலும் 1990 ஆனாலும் அழைப்பு போவது அதே கைபேசிக் கோபுரத்தின் வழியேதான்.

இனி, கருவி இருந்தும் பயன்படாமல் போவது எப்படி என்பதைப் பார்ப்போம். இதற்கு உலகம் அறிந்த உதாரணம் நியூயோர்க். உலக வர்த்தக மையத்தில் 1993 குண்டுவெடிப்புக்குப் பிறகு தீயணைப்பு வீரர்களுக்கென்று ஒரு ரிப்பீட்டர் பொருத்தினார்கள். உயர்ந்த கட்டடத்தின் உருக்கும் கொங்கிறீட்டும் கைச் செட்டின் அலையை விழுங்கிவிடும் என்பதால் அந்த ஏற்பாடு. அதை இயக்க இரண்டு பொத்தான்களை அழுத்த வேண்டும். 2001 செப்டெம்பர் 11 காலை ஒரு பொத்தான் அழுத்தப்பட்டது, மற்றது அழுத்தப்படவில்லை. வடக்குக் கோபுரத்தில் நின்ற அதிகாரிகள் பரிசோதித்துப் பார்த்து, கருவி வேலை செய்யவில்லை என்று முடிவுக்கு வந்தார்கள். அதே ரிப்பீட்டரைத் தெற்குக் கோபுரத்தில் இருந்தவர்கள் பயன்படுத்தினார்கள். விசாரணை ஆணைக்குழுவின் அறிக்கை இதை விரிவாகச் சொல்கிறது. தெற்குக் கோபுரம் இடிந்துவிட்டது என்று தெரியாமலே வடக்குக் கோபுரத்துக்குள் நின்ற வீரர்கள் பலர். அந்த நாளில் 343 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். தொடர்புக் கோளாறு மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. பங்களித்த காரணங்களில் அதுவும் ஒன்று. பதினோர் ஆண்டுகள் கழித்து, 2012 இல், அமெரிக்க நாடாளுமன்றம் அவசர சேவைகளுக்கென்று 20 மெகாஹேர்ட்ஸ் அலைக்கற்றையும் 700 கோடி டொலரும் ஒதுக்கியது. இவ்வளவு செலவழித்த நாட்டிலும் தீயணைப்பு வீரர்கள் பழைய வகைக் கைச் செட்டைக் கைவிடவில்லை. கோபுரம் எதுவும் இல்லாமல் ஒரு செட் இன்னொரு செட்டோடு நேரே பேசும் வசதியை இழக்க அவர்களுக்கு மனமில்லை. அது சரியான முடிவு.

அங்கே பொலிசாரும் தீயணைப்பு வீரர்களும் ஒருவர் குரலை ஒருவர் கேட்க முடியாமல் இருந்ததும் அன்று வெளிப்பட்டது. எங்கள் கரையில் அனர்த்த வேளையில் இறங்குபவர்களை எண்ணிப் பாருங்கள்: பொலிஸ், விசேட அதிரடிப் படை, இராணுவம், கடற்படை, கல்முனை மாநகர சபையின் தீயணைப்புப் பிரிவு, வைத்தியசாலை அம்பியுலன்ஸ்கள், 1990, பிரதேச செயலகங்கள், மின்சார சபை, இவர்கள் அனைவருக்கும் முன்பே தண்ணீரில் குதித்துவிடும் ஊர் இளைஞர்களும் மீனவர்களும். ஒவ்வொரு நிறுவனமும் தன் அமைச்சின் பணத்தில் தன் செட்டை வாங்குகிறது. இரண்டு செட்டுகள் ஒன்றோடொன்று பேச மூன்று விடயங்கள் பொருந்த வேண்டும். அலைவரிசை ஒன்றாக இருக்க வேண்டும். குரலை அலையில் ஏற்றும் முறை ஒன்றாக இருக்க வேண்டும்; பழைய எஃப்எம் முறைச் செட்டுக்கு டிஜிட்டல் செட்டின் பேச்சு வெறும் இரைச்சல். மூன்றாவது, வேண்டாத குரலைத் தடுக்கச் செட்டுக்குள் வைக்கும் மெல்லிய அடையாள ஒலி. அது பொருந்தாவிட்டால் அலை வந்தும் ஒலிபெருக்கி திறக்காது. அனைவரின் செட்டிலும் ஒரே ஒரு பொது அலைவரிசையை, அதே சாதாரண எஃப்எம் முறையில், அதே அடையாள ஒலியோடு பதித்துவைப்பது ஒரு கணினியும் ஒரு கேபிளும் கொண்டு செய்யக்கூடிய வேலை. கருவிச் செலவு மிகக் குறைவு. அதற்குத் தேவைப்படுவது கொழும்பில் ஒரு மேசையைச் சுற்றி அத்தனை நிறுவனங்களும் உட்கார்ந்து எடுக்கும் முடிவும், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதியும்.

அந்த முடிவு எளிதில் வராததற்கு ஒரு வரலாறு உண்டு. போர்க்காலத்தில் வடக்கிலும் கிழக்கிலும் கம்பியில்லாக் கருவி வைத்திருப்பதே சந்தேகத்துக்குரிய காரியமாக இருந்தது. அந்த அச்சம் இரண்டு பக்கமும் இன்னும் முழுதாகப் போகவில்லை. அதிகாரிகள் கொடுக்கத் தயங்குகிறார்கள். ஊரவர்கள் கேட்கத் தயங்குகிறார்கள். ஆனால் இந்தக் கரையில் வானொலியை நன்றாகக் கையாளத் தெரிந்தவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். வாரக்கணக்கில் ஆழ்கடலில் நிற்கும் படகோட்டிகள் அவர்கள். குரல் எப்போது தெளிவாகப் போகும், இரண்டு பேர் ஒரே நேரத்தில் அழுத்தினால் என்ன ஆகும், சேதியை எப்படிச் சுருக்கிச் சொல்வது என்பதெல்லாம் அவர்களுக்குக் கைவந்த பழக்கம். அனர்த்த முகாமைத்துவப் பயிற்சிகளுக்கு அவர்களை மாணவர்களாக அழைப்பதைவிட ஆசிரியர்களாக அழைப்பது பொருத்தம்.

ஆழ்கடல் படகோட்டிகள் பயன்படுத்துவது வேறு வகை அலை. அதன் இயல்பு வியப்பூட்டுவது. 3 முதல் 30 மெகாஹேர்ட்ஸ் வரையிலான சிற்றலைகள் நிலத்திலிருந்து சில நூறு கிலோமீற்றர் உயரத்தில் இருக்கும் அயனி மண்டலத்தில் மோதித் திரும்பி வருபவை. சூரிய ஒளி அங்குள்ள வளியணுக்களிலிருந்து இலத்திரன்களைப் பிரித்துவைக்கிறது. அந்த இலத்திரன் படலம் அலையை வளைத்துக் கீழே அனுப்புகிறது. கல்முனைக்கும் கொழும்புக்கும் நேர்கோட்டில் சுமார் 220 கிலோமீற்றர். நடுவில் மத்திய மலைநாடு. மினாராவின் உச்சியில் வைத்தாலும் கைச் செட்டின் அலை அதைத் தாண்டாது. ஆனால் பகலில் 7 மெகாஹேர்ட்ஸ் அளவிலும், இரவில் இலத்திரன் படலம் மெலியும்போது 3.5 மெகாஹேர்ட்ஸ் அளவிலும் அலையை ஏறக்குறைய நேர் மேலே அனுப்பினால் அது மலைகளுக்கு மேலாகப் போய்க் கொழும்பில் இறங்கும். இவ்வளவு நேரம் உயரம் உயரம் என்று சொல்லிவந்த எனக்கு இந்த இடம் மிகவும் பிடித்தது: இந்த வேலைக்கு அன்டெனா தாழ்ந்தே இருக்கலாம். 20 மீற்றர் நீளக் கம்பி, அதைக் கட்ட இரண்டு தென்னை மரங்கள், ஒரு கார் பற்றரி, 100 வாற் செட் ஒன்று. இடையில் எந்தக் கோபுரமும், எந்த நிறுவனமும், எந்தக் கேபிளும் வேண்டாம்.

இது ஏட்டில் மட்டும் உள்ள விடயமல்ல. சுனாமிக்குப் பிறகு அம்பாந்தோட்டையின் தொலைபேசிகள் அறுந்துகிடந்த நாட்களில் இலங்கை வானொலிச் சங்கத்தைச் சேர்ந்த விக்டர் குணதிலக்கவும் அவரது தோழர்களும் சிற்றலை வழியாக அந்த மாவட்டத்தைக் கொழும்போடு இணைத்தார்கள். சுனாமி வந்த நாளில் அந்தமானில் பாரதி பிரசாத் என்ற பெண்மணி போர்ட் பிளேயரில் இருந்தார். நீண்ட காலம் அனுமதி கிடைக்காத அந்தத் தீவிலிருந்து உலகத்தோடு பேசிப் பார்க்க வந்த அமெச்சூர் வானொலிக்காரர் அவர். தீவுகளின் தொடர்பு அறுந்ததும் தன் நிலையத்தை மீட்புச் சேதிகளுக்கான தளமாக மாற்றினார். அனர்த்த வேளையில் நாடுகளுக்கிடையே தொடர்புக் கருவிகளைத் தடையின்றிக் கொண்டுசெல்ல வழிசெய்யும் தம்பேரே உடன்படிக்கை 1998 இலேயே எழுதப்பட்டது. அது நடைமுறைக்கு வந்த நாள் 2005 ஜனவரி 8. சுனாமிக்குப் பதின்மூன்று நாட்கள் பிந்தி.

கருவி வந்த பிறகு என்ன ஆகிறது என்பதில்தான் அரசின் பணம் பற்றிய கேள்வி இருக்கிறது. இலங்கையின் வரவு செலவுத் திட்டத்தில் மூலதனச் செலவு ஒன்று, மீண்டெழும் செலவு மற்றொன்று. வோக்கிடோக்கியும் கோபுரமும் மூலதனச் செலவாகவோ வெளிநாட்டு நன்கொடையாகவோ வந்துவிடும். கையளிக்கும் வைபவம் நடக்கும், படம் எடுப்பார்கள். அதன் பற்றரி, உப்புக் காற்றில் துருப்பிடிக்கும் இணைப்பி, மழை நீர் இறங்கிவிடும் கேபிள், மாதாந்தப் பரிசோதனைக்கு வரும் தொழில்நுட்பவியலாளரின் படி, இவை மீண்டெழும் செலவு. நாடு கடனில் தள்ளாடிய 2022 போன்ற ஆண்டுகளில் முதலில் வெட்டப்படுவது இதுதான். கைச் செட்டின் லித்தியம் பற்றரி சில ஆண்டுகளில் தளர்ந்துவிடும். இந்தக் கரையின் வெப்பத்தில் இன்னும் விரைவாக. 77 எச்சரிக்கைக் கோபுரங்களில் பல பின்னாளில் பழுதாகி நின்றதும் இந்த வகையில்தான். கட்டுவதற்குப் பணம் கிடைத்தது. அவற்றை உயிரோடு வைத்திருக்கப் போதிய பணம் கிடைக்கவில்லை.

இன்னொரு படிப்பினை சர்வோதயமும் லேர்ன்ஏசியா ஆய்வு நிறுவனமும் சேர்ந்து 32 கரையோரக் கிராமங்களில் நடத்திய சோதனையிலிருந்து வருகிறது. சுனாமிக்குப் பிந்திய ஆண்டுகளில் எச்சரிக்கையைக் கிராமத்துக்குக் கொண்டுசெல்லப் பல கருவிகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அவற்றில் ஒன்று வேர்ல்ட்ஸ்பேஸ் நிறுவனத்தின் செய்மதி வானொலி. நல்ல தொழில்நுட்பம். 2008 இல் அந்த நிறுவனம் வங்குரோத்து ஆனது, செய்மதிச் சேவை போனது, பெட்டிகள் பயனற்றுப்போயின. ஒரு வெளிநாட்டு நிறுவனம் மூடினால் எங்கள் கரை ஊமையாகிவிடும் என்றால் அந்தக் கருவிக்குப் பொதுப் பணத்தைக் கொடுக்கக் கூடாது. யார் செய்த செட்டானாலும் யார் செய்த செட்டோடும் பேசும் திறந்த முறைக்குத்தான் கொடுக்க வேண்டும்.

மின்சாரக் கணக்கையும் இந்தக் கரைக்கு ஏற்றபடி போட வேண்டும். ஒரு சிறு ரிப்பீட்டருக்குச் சராசரியாக 20 முதல் 25 வாற் போகும் என்று வைத்தால், 12 வோல்ற், 100 அம்பியர் மணிப் பற்றரியைப் பாதிவரை பயன்படுத்தினாலும் ஒரு நாள் ஓடும். சோலார் பெனல் ஒன்று அதை மறுநாளே நிரப்பிவிடும் என்று அறிக்கையில் எழுதுவது எளிது. ஆனால் எங்களுக்கு வெள்ளமும் புயலும் வருவது வடகீழ்ப் பருவமழைக் காலத்தில், நவம்பரிலிருந்து ஜனவரிவரை. 1978 நவம்பர் 23 அன்று மட்டக்களப்பையும் கல்முனைப் பக்கத்தையும் சூறையாடிய புயலும் அந்தக் காலத்தில்தான் வந்தது. தேவை உச்சத்தில் இருக்கும் வாரங்களில்தான் வெயில் மிகக் குறைவு. வேறு நாட்டு அளவில் பெனலும் பற்றரியும் வாங்கினால் மூன்றாம் நாள் கோபுரம் அணைந்துவிடும். கொள்முதல் ஆவணத்தில் பற்றரியை மூன்று, நான்கு மடங்காக எழுதுவது வீண் செலவல்ல.

மொழியும் கொள்முதலின் ஒரு பகுதிதான். சாய்ந்தமருதில் செட்டை எடுப்பவர் தமிழில் பேசுவார். அம்பாறைக் கச்சேரியில் இரவுக் கடமையில் இருப்பவர், படகோடு வரும் கடற்படையினர், வீதித் தடையில் நிற்கும் பொலிசார் ஆகியோரில் பலர் சிங்களம் பேசுபவர்கள். தண்ணீர் கழுத்தளவு வந்திருக்கும்போது மொழிபெயர்ப்பாளரைத் தேட முடியாது. ஆகவே மாவட்டக் கட்டுப்பாட்டு அறையில் எந்நேரமும் இரண்டு மொழியும் அறிந்த ஒருவர் அமர்த்தப்பட வேண்டும். அவருக்கான சம்பளம் ஆண்டுதோறும் ஒதுக்கப்பட வேண்டும். அதோடு, இடம், நபர் எண்ணிக்கை, காயம், படகு, பாதை துண்டிப்பு போன்ற ஐம்பது அறுபது சேதிகளை இரு மொழியிலும் ஒரே இலக்கத்தால் குறிக்கும் சிறு அட்டை ஒன்று ஒவ்வொரு செட்டோடும் இருக்க வேண்டும். கடலோடிகள் உலகெங்கும் மொழி தெரியாத கப்பலோடு கொடிகளால் பேசிவந்தது இப்படித்தான்.

டிசம்பர் 26 இலங்கையில் தேசிய பாதுகாப்பு தினம். அந்தக் காலையில் பெரியநீலாவணையிலிருந்து பொத்துவில்வரை ஒவ்வொரு நிலையமும் பொது அலைவரிசையில் தன் பெயரைச் சொல்ல வேண்டும், தமிழிலும் சிங்களத்திலும். கல்முனையிலிருந்தும் பொத்துவிலிலிருந்தும் சிற்றலையில் கொழும்பை அழைக்க வேண்டும். பிரதான மின்சாரத்தை நிறுத்திவிட்டு, பற்றரியில் மட்டும். பதில் சொல்லாத நிலையங்களின் பட்டியல் அன்று மாலையே கச்சேரியின் அறிவித்தல் பலகையிலும் அந்தந்தப் பிரதேச செயலகத்திலும் ஒட்டப்பட வேண்டும். எது பற்றரிக் கோளாறு, எது கேபிள், எது ஆளில்லாமை என்பது அதில் இருக்க வேண்டும். அடுத்த ஆண்டின் மீண்டெழும் ஒதுக்கீட்டில் முதல் வரி அந்தப் பட்டியலுக்கான தொகையாக இருக்கட்டும்.